இடப்பக்கத்து நாற்காலி

சுவரில் ஒட்டியிருந்த பல்லியைக்கூட மாஸ்டர் சொல்லிவிட்டார்.

அதற்கு நேர் கீழே, நாற்காலியில் முழு ஆளாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த தன் மைத்துனரை மட்டும் சொல்லவில்லை.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இன்று மாஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றிருந்தேன்.

மாஸ்டர் என்றால் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். வாழ்நாள் முழுக்க ஊரார் பிள்ளைகளை 'இடது பக்கம் பாரு, இடது பக்கம் பாரு' என்று தொண்டை கிழியக் கத்தியவர். பக்கவாதம் வந்ததும் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு மறந்துபோனது. கண்ணில் கோளாறு இல்லை. மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்க்க மறுத்தது.

பாதி முகத்துக்கு மட்டும் சவரம் செய்துகொண்டு புது மாப்பிள்ளை தோரணையில் உட்கார்ந்திருப்பார். தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இந்த ஆஸ்பத்திரியில் அரை வயிற்றுக்குத்தான் போடுகிறார்கள் என்று கேன்டீன்காரரோடு மல்லுக்கு நிற்பார்.

பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான். வீட்டு ஆள் யாராவது எப்போதும் அவருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். பேச்சு, சாப்பாடு, சண்டை எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்தே வர வேண்டும். அப்போதுதான் தலை திரும்பும்.

மாஸ்டரின் மனைவி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நாற்காலி மைத்துனருக்கு வந்து சேர்ந்தது. தங்கமான மனிதர். காலையில் வந்தால் காவலாளி விரட்டும்வரை இருப்பார். ஆரஞ்சை உரித்து, நார் எடுத்து, கொட்டை எடுத்து, சுளைகளைத் தட்டின் இடது ஓரத்தில் வரிசையாக வைப்பார். என்ன, வாயைத்தான் திறக்க மாட்டார். பேசுங்கள் சார், பேசினால்தானே அவர் திரும்புவார் என்று நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆரஞ்சை எடுப்பார்.

எப்படியோ, மாஸ்டர் தேறிவிட்டார். தாளில் இருக்கும் கோட்டுக்கு நடுவில் குறி போடச் சொன்னால் சரியாக நடுவில் போட்டார். கடிகாரம் வரையச் சொன்னால் எல்லா எண்களும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. தட்டின் இடது ஓரமும் துடைத்து வைத்ததுபோல் காலியானது. என்னைக் கண்டாலே, "எப்ப மேடம் வீட்டுக்கு அனுப்புவீங்க?" என்று உயிரை வாங்க ஆரம்பித்தார்.

மிச்சம் இருந்தது இந்தக் கடைசிப் பரிசோதனைதான். இடது பக்கம் இருப்பதையெல்லாம் சொல்ல வேண்டும். இடது பக்கம் வருகிற லாரி தெரியாத மனிதரை எந்த தைரியத்தில் நான் ரோட்டுக்கு அனுப்புவது?

மைத்துனரை எழுப்பிவிட்டு, மனைவியை உட்கார வைத்தேன்.

"என் சம்சாரம். மூக்குக்கண்ணாடிய மறந்துட்டு வந்திருக்கா."

அவரையும் எழுப்பிவிட்டு, தரை துடைக்கிற வாளியை வைத்தேன்.

"வாளி. கைப்பிடி ஒடஞ்சிருக்கு."

மறுபடியும் மைத்துனர்.

மாஸ்டர் மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தார்.

"காலி நாற்காலி."

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாளி தெரிகிறது, பல்லி தெரிகிறது, ஒரே ஒரு ஆள் மட்டும் தெரியவில்லை. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத நோய். மாநாட்டு மேடை, மைக், முன்வரிசையில் வாயைப் பிளந்தபடி என் பழைய பேராசிரியர், எல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. நோய்க்கு என் பெயரையே வைத்துவிட்டால் என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாஸ்டரின் மனைவி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"மேடம், அது நோய் இல்ல. அது எங்க அண்ணன்."

விஷயம் இதுதான். எப்போதோ மாஸ்டர் மைத்துனருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார். மைத்துனர் காரைக் கொண்டுபோய் டிரைவிங் ஸ்கூல் போர்டு மேலேயே ஏற்றியிருக்கிறார். உனக்கு மூளையே கிடையாது என்று இவர் கத்த, உனக்குச் சொல்லிக்கொடுக்கவே தெரியாது என்று அவர் கத்த, அத்தோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. அன்றிலிருந்து அவர் இவர் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. இவர் அவர் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆஸ்பத்திரி யார் வீடும் இல்லையே, இடது பக்கமாக உட்கார்ந்தால் ஆளும் தெரியாதே என்றுதான் அண்ணன் துணிந்து வந்தாராம்.

என் மாநாடு மண்ணாய்ப் போனது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மாஸ்டர் நல்லாயிட்டார், இன்னைக்கே வீட்டுக்குப் போகலாம்" என்று வார்டுக்கே கேட்கும்படி அறிவித்தேன். மைத்துனர் பக்கம் திரும்பி, "நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம் சார்" என்றும் சொல்லிவைத்தேன்.

மைத்துனர் தலையாட்டினார். ஆரஞ்சுத் தோலையெல்லாம் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். எழுந்து, நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். மனைவி பைகளைக் கட்ட ஆரம்பித்தார். ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று எனக்கே கஷ்டமாகிவிட்டது.

மாஸ்டர் வலது பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேடம், இடது பக்கம் இன்னும் சரியாத் தெரியல. ஒரு வாரம் இருந்து பாத்துட்டே போறேனே."

மைத்துனர் நாற்காலியை மறுபடி கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.