அறை இல்லை

“தங்கச்சி, உங்கட வெப்சைட்டில தோணிப் படம் தலைகீழாக் கிடக்கு. அதுக்குள்ள இரிக்கிற ஆக்கள் வாவிக்குள்ள விழப் போறாங்க!”

“பாக்கிறன் ஹாஜியார்.” அஜந்தா பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள்.

காத்தான்குடியில் பத்து அறைகளோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் ஆதம்பாவா ஹாஜியார் எடுத்த மூன்றாவது போன் இது. அஜந்தாவுடையது அமிர்தகழியில், வாவியைப் பார்த்தபடி மூன்றே மூன்று அறை. தொழிலில் இருவரும் போட்டிக்காரர்.

“மெய்யாவே தலைகீழாவா கிடக்கு?” கணவர் இராசதுரை எட்டிப் பார்த்தார்.

“ஓம். எப்பிடித்தான் திரும்பிச்சோ!”

“அப்ப லப்டொப்பைத் திருப்பி வை. சரியாயிரும்.”

இரண்டு மாதத்துக்கு முன்புவரை இந்த வெப்சைட்டைப் பார்த்துக்கொண்டது கனடாவிலிருக்கும் அக்கா மகன். புது வேலை கிடைத்ததும் பாஸ்வேர்டை அனுப்பிவிட்டான். ‘சித்தி, இனி நீங்களே பாருங்க. லேசுதான்.’

லேசாக இல்லை. யூடியூப்பைப் பார்த்து, ஒரு கொப்பியில் ஒவ்வொன்றாக எழுதிவைத்துப் பழகினாள். முதல் நாள் பக்கம் முழுக்க ஊதா நிறமானது. இரண்டாம் நாள் முகப்பே காணாமல் போய், மூன்றாம் நாள் எப்படியோ திரும்பி வந்தது. ஆனால் காலைச் சாப்பாட்டுப் பிட்டின் படத்தைத் தானே ஏற்றிய அன்று, போனைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள்.

அந்தச் சந்தோசத்தில்தான் ஹாஜியார் மண் போட்டார். முதல் போன், டெலிபோன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது என்று. இரண்டாவது, அவள் எழுதிய வழி பற்றி. ‘பஸ்ஸால் இறங்கி அஜந்தா வீடு என்று ஆரிடமும் கேளுங்கள், காட்டுவார்கள்’ என்று போட்டிருந்தாள்.

“வெள்ளைக்காரன் ஆரிட்ட கேப்பான், தங்கச்சி? மேப்பைப் போடுங்க.”

“பத்து அறைக்காரருக்கு மூண்டு அறையில என்ன கண்?” என்றார் இராசதுரை. “உன்ட பக்கத்த வேவு பாக்கிறார் புள்ள.”

அஜந்தாவுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் உண்மையான கவலை வேறு. மாமாங்கக் கோயில் திருவிழா முடிந்து ஒரு மாதமாகியும் ஒரு புக்கிங் இல்லை. மருந்துக் கொம்பனி ஒன்று வீட்டை ஸ்டோருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இந்தக் கிழமைக்குள்ள ஒருத்தரும் வராட்டி, அவங்களுக்கு ஓம் எண்டு சொல்லிருவன்” என்று இராசதுரை முடிவாகச் சொல்லிவிட்டார்.

பார்த்துப் பார்த்துக் கட்டிய அறைகள். ஜன்னலைத் திறந்தால் வாவி. அதற்குள் மருந்துப் பெட்டிகளா?

சனிக்கிழமை காலை, மறுபடியும் ஹாஜியார்.

“தங்கச்சி, உங்கட பக்கத்தில அறை இல்லை எண்டு காட்டுது. மெய்தானா?”

அஜந்தாவுக்கு ஏறிவிட்டது. ஈ கூட எட்டிப் பார்க்காத வீட்டைப் பற்றி நக்கலா?

“ஓம் ஹாஜியார்! எல்லாம் ஃபுல். மூச்சு விட நேரமில்ல!”

“அப்பிடியா... சந்தோசம் தங்கச்சி, சந்தோசம்.”

குரலில் சந்தோசம் இருக்கவில்லை.

“பாத்தீங்களா? பொறாமை!” என்றாள் கணவரிடம்.

சொல்லிவிட்டாளே தவிர, மனதுக்குள் ஏதோ உறுத்தியது. லப்டொப்பைத் திறந்து புக்கிங் கலண்டரைப் பார்த்தாள். திருவிழா தொடங்கிய நாளிலிருந்து எல்லாம் சிவப்பு. இன்றைக்கும் சிவப்பு. தீபாவளி சிவப்பு. வருகிற பொங்கலும் சிவப்பு.

மாமாங்கத் தீர்த்தம் வரும் நாட்களில் அந்த வீட்டில் வெளியாட்களுக்கு அறை கிடையாது. உன்னிச்சையிலிருந்தும் கதிரவெளியிலிருந்தும் சொந்தக்காரர் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்கிவிடுவார்கள். அதற்காக, ‘அறை இல்லை’ என்று அவளேதான் போட்டாள். தொடங்கும் தேதியைப் போட்டவள், முடியும் தேதியைப் போடவில்லை.

“என்னங்க,” என்றாள் மெல்ல, “எங்கட வெப்சைட்டில இன்னும் திருவிழா முடியல்ல.”

இராசதுரைக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கொப்பியைப் புரட்டி, தேதியைப் போட்டு அழுத்தினாள். சிவப்பெல்லாம் பச்சையானது.

ஆனால் வெட்கம் போகவில்லை. அது கோபமாக மாறி ஹாஜியார் பக்கம் திரும்பியது.

“எங்கட பிழையையே பாத்துக்கொண்டிருக்கிறாரே, அவர்ட வெப்சைட் என்ன திறமோ, பாப்பம்!”

அதை அவள் திறப்பது இதுதான் முதல் தடவை. படங்கள் எல்லாம் நேராக இருந்தன. மேப் இருந்தது. டெலிபோன் நம்பரை விரல் விட்டு எண்ணினாள். சரியாக இருந்தது. ஒரு பிழையாவது அகப்படாதா என்று அடிவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அடியில் ஒரு கட்டம், தமிழிலும் ஆங்கிலத்திலும்:

‘எங்களிடம் அறை இல்லையா? கவலை வேண்டாம். அமிர்தகழியில் எங்கள் தங்கச்சி அஜந்தாவின் வீடு இருக்கிறது. இதை அழுத்தினால் அவருடைய பக்கத்துக்குப் போகலாம். அங்கே இறால் குழம்பு எங்களுடையதைவிடத் திறம்.’

இராசதுரை தொண்டையைச் செருமினார்.

அஜந்தா போனை எடுத்தாள்.

“ஹாஜியார்... நான் பொய் சொல்லிட்டன். மூண்டு அறையும் சும்மாதான் கிடக்கு.”

“அல்ஹம்துலில்லாஹ்! அதை முதல்லயே சொல்லப்படாதா தங்கச்சி? இஞ்ச எல்லா அறையும் நிரம்பிட்டு. கொழும்பால வந்த ஏழு பேரை எங்க அனுப்புற எண்டு தெரியாம, தேத்தண்ணிக்கு மேல தேத்தண்ணி குடுத்து மறிச்சு வெச்சிரிக்கன்!”