வெளியேறவா?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும். கணவர் இறந்ததிலிருந்து அவருடைய கணினியை அவள் அணைக்கவே இல்லை. கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. திரை பூட்டிக்கொள்ளாமலிருக்க, தூக்கத்திலும் அவள் கை மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கிறது. இன்று கணினியை எடுத்துப்போக மாப்பிள்ளை வந்து நிற்கிறார். திரை நடுவில் ஒரு சின்னக் கட்டம் ‘வெளியேறவா?’ என்று கேட்கிறது. அதன் வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் அசையாமல் நிற்கிறது. கட்டத்துக்குப் பின்னால், கணவர் பாதியில் விட்ட சீட்டாட்டம் மங்கித் தெரிகிறது. “‘ஆம்’னு அமுக்குங்க அத்தை, அவ்வளவுதான்.” “அமுக்கினா மறுபடி உள்ள போக முடியுமா மாப்ளே?” “முடியாது.” “ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டுப் போயிருக்காரு பாரு, மனுஷன்.” அவள் விரல், யாருடைய விரலோ போல, மெல்ல அமுங்குகிறது. அந்த வீட்டுக்கு மின்சாரத்தைத் துண்டித்து ஒரு மாதமாகிறது.