கீழ் மூன்றடி

மேல் முனை இரண்டையும் சவுக்குக் கம்பில் கட்டிவிட்டுக் கையை எடுத்தான். பிளக்ஸ் சுருள் தானாக அவிழ்ந்து இறங்கியது.

முதலில், கண்ணீர் அஞ்சலி.

பிறகு பையனின் முகம்.

தீர்த்தமலை. முதலாம் ஆண்டு, மெக்கானிக்கல். தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி. நடுவில் பதினெட்டு வருஷம்கூட முழுதாக இல்லை.

அதற்கும் கீழே ஏழு முகங்கள். மூன்று, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தன. ஒன்று பல் தெரியச் சிரித்தது.

ஏணியில் நின்றபடியே குனிந்து எழுத்துக் கூட்டினான்.

‘மீளாத் துயரில், சி பிளாக் சிங்கங்கள்.’

அவனுக்கு எழுத்து வந்தது நாற்பத்திரண்டு வயதில். அதற்குமுன் ஒருநாள், இரண்டு சுருளும் ஒரே அளவாக இருந்ததில், கல்யாண மண்டப வாசலில் கண்ணீர் அஞ்சலியைக் கட்டிவிட்டான். பெண் வீட்டார் ஏணியோடு சேர்த்துத் தள்ளினார்கள். இடுப்பு சரியாவதற்குள் அ, ஆ தொடங்கிவிட்டான்.

இந்த ஏழும் அவனுக்குப் புதிதல்ல. விடுதியில் இவர்கள் வைத்ததுதான் சட்டம். ஆடி மாதம் இதே விடுதி வாசலில், புதுப் பிள்ளைகளை வரவேற்று இதே ஏழு பேரைக் கட்டியிருக்கிறான். அப்போதும் இதே கண்ணாடி. இதே பல்.

வேறு படம் கூடவா கிடைக்கவில்லை?

விடுதி மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், பையனை ஒற்றைக்காலில் நிற்கவைத்துப் பாடச் சொன்னது யார் என்று டீக்கடைக்குத் தெரியும். ஆட்டோ ஸ்டாண்டுக்குத் தெரியும். காவல் நிலைய ஏட்டில் மட்டும் அது ‘கால் வழுக்கி விழுந்தான்’.

பத்து மணிக்கு மௌன அஞ்சலி. பையனின் அம்மா வருகிறாள், அவன் பெட்டியை எடுத்துப்போக. எல்லாம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று வார்டன் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மரியாதை.

பெற்றவள் மகன் முகத்தைப் பார்க்க நிமிர்வாள். அதற்குக் கீழே இதுகள் இளித்துக்கொண்டு நிற்கும்.

யாரையும் கேட்கவில்லை. கீழ் மூன்றடியைப் பின்பக்கமாகச் சுருட்டினான். கட்டுக்கம்பியைப் போட்டு முறுக்கினான். கம்பி விரலைக் கிழித்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று முறுக்கினான்.

ஏழில் ஒருவன் ஏணியடியில் வந்து நின்றான். நெஞ்சில் கறுப்பு பேட்ஜ்.

“என்னண்ணே, சிங்கத்தையே சுருட்டிட்டியே.”

கம்பு உயரம் பத்தவில்லை என்றான். வந்தவன் நம்பவில்லை. மேற்கொண்டு பேசுவதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

அந்த அம்மா இறங்கினாள். ஒற்றை ஆள். கையில் ஒரு ஃபைல், ஓரமெல்லாம் மடங்கிப்போயிருந்தது.

முதல்வர் கைகூப்பிக்கொண்டு வந்தார். அவள் கும்பிடவில்லை. ஒன்பது நாளாகக் கேட்டதையே கேட்டாள்.

சாவுச் சேதி வந்ததற்கு முந்தின நாள் மகன் போனில் பேசிக்கொண்டே இருந்தான். சிங்கம் அண்ணனுங்க கூப்புடுறாங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தச் சிங்கம் யார்? பெயர் என்ன? ஸ்டேஷனில் கேட்டாகிவிட்டது. விடுதியில் கேட்டாகிவிட்டது. கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது.

அப்படி ஒரு கூட்டமே எங்கள் கல்லூரியில் கிடையாதும்மா என்றார் முதல்வர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு எல்லோரும் பிளக்ஸ் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஏழு பேரும் முன்வரிசை. ஒரு நிமிடம் என்று வார்டன் சொன்னதும் தலைகள் குனிந்தன.

அவள் குனியவில்லை.

மகனைப் பார்த்தாள். நெற்றியிலிருந்து தாடைவரை பார்த்தாள். பார்வை இன்னும் கீழே இறங்கி, சுருட்டிக் கட்டிய இடத்தில் நின்றது.

வரிசையை விட்டு, ஏணியடியில் நின்ற அவனிடம் நடந்து வந்தாள்.

“கீழ என்னாண்ணா மடிச்சிக் கட்டிக்கீது?”

குனிந்த தலையைத் தூக்காமலே வார்டன் கையாட்டினார். ஏணியை எடுத்துக்கொண்டு போ.

அவனுக்கு உறைத்தது. ஒன்பது நாளாக எல்லோரும் அவளிடம் எதைச் செய்தார்களோ, அதையேதான் தானும் செய்து வைத்திருக்கிறான். அதுவும் ரெண்டு சுற்று முறுக்கி.

கம்பியைத் திருகினான். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான்.

மூன்றடியும் சடசடவென்று இறங்கியது.

அவள் ஏழு முகங்களையும் வரிசையாகப் பார்த்தாள். தனக்குப் படிக்க வராது என்றாள்.

அவன் படித்தான். மனதுக்குள் படிக்க அவனுக்கு இன்னும் பழகவில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் எழுத்து எழுத்தோடு ஒட்டும். விரலை வைத்து, ஒவ்வொன்றாக, உரக்க.

“சி பிளாக்... சிங்-கங்-கள்.”

அவள் திரும்பி முதல்வரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார்.

விரல் முதல் முகத்துக்குக் கீழே போனது.

“எல். ஹரிகேசன்.”

எல். ஹரிகேசன் என்று அவள் திருப்பிச் சொன்னாள். முன்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.

மௌன அஞ்சலி நடக்கிறதும்மா என்று முதல்வர் கெஞ்சுவதுபோல் சொன்னார்.

“நடக்கட்டும் சார். நீ படிண்ணா.”

விரல் நகர்ந்தது. விரல்பட்ட இடமெல்லாம் சிவப்பாகியிருந்தது.

“ஜெ. ரூபன்ராஜ்.”

ஜெ. ரூபன்ராஜ் என்றாள்.

இந்த முறை கேட்டது அவள் குரல் மட்டும் அல்ல. பின்னால், முதலாம் ஆண்டு வரிசையில், யார் யாரோ அவளோடு சேர்ந்து சொன்னார்கள்.