முன் சக்கரத்துக் காற்று

"கையை எடு சின்னான்" என்று ஜன்னலிலிருந்தே கத்தினாள் பொற்கொடி.

துணை சுகாதார நிலையத்து வாசலில், அவளுடைய சைக்கிளின் முன் சக்கரத்தருகே குந்தியிருந்த சின்னான் திடுக்கிட்டு எழுந்தான். காற்று சீறிய சத்தம் அப்போதுதான் நின்றது. வால்வு மூடி அவன் கையில் இருந்தது.

கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். ஐந்து புதன்கிழமையாக யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்று தெரியாமல் அவள் மண்டை காய்ந்துகொண்டிருந்தாள். கடைசியில் பார்த்தால், வாசல் கூட்டுகிற சின்னான்.

பொற்கொடி அங்கே நர்ஸாக வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. புதன்கிழமை என்றால் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒன்பது மைல் தார் ரோட்டில் வந்து, மருந்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அப்புறம் மூன்று மைல் மண் தடத்தில் மலையடிவாரக் குடியிருப்புக்குப் போக வேண்டும். பத்து மணி தாண்டினால் தாய்மார்கள் தோப்பு வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். பெட்டியில் ஐஸ் கரையும். குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து இன்னொரு வாரம் தள்ளிப்போகும்.

இதற்காகவே தம்பியிடம் சண்டை போட்டு, தடித்த டயர் வைத்த அவனுடைய மவுண்டன் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். டயரில் காற்று நாற்பது முதல் அறுபத்தைந்து பவுண்டு வரை என்று அச்சடித்திருந்தது. அறுபத்தைந்து தாங்குகிற டயருக்கு எதற்கு நாற்பது என்று உடுமலை சைக்கிள் கடைக்காரர் முழுசாக அடித்துவிடுவார். தார் ரோட்டில் வண்டி பறக்கும். இங்கே வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், டயர் அமுங்கிக் கிடக்கும். இருக்கிற அவசரத்தில் அப்படியே மிதித்துக்கொண்டு போவாள். தொடை கழன்றுபோகும்.

சாயங்காலம் திரும்பி வரும்போது சின்னான் பம்போடு நிற்பான். கேட்காமலே காற்றடித்துத் தருவான். அதற்கு இரண்டு தடவை நன்றி வேறு சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க நர்ஸம்மா, அந்தப் பள்ளத்துல..."

"பேசாதே. காலையில புடுங்கி உடறது, சாயங்காலம் நல்லவனாட்டம் அடிச்சு உடறது. என்ன நாடகம் இது?"

"அதில்லீங்க, ஒரு நிமிசம் நாஞ்சொல்றதை..."

அவள் கேட்கவில்லை. கோபம் வந்துவிட்டால் பொற்கொடி யார் பேச்சையும் கேட்கமாட்டாள். அது அவள் வீட்டிலேயே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

சத்தம் கேட்டு எதிர் டீக்கடை பாலுசாமி வந்தார். என்ன ஏது என்று அவரும் விசாரிக்கவில்லை. இவனுகளுக்கெல்லாம் இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டு, புகார் எழுதக் கடையிலிருந்து வெள்ளைத்தாளும் கொண்டுவந்து கொடுத்தார். நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்கும் அதே அமுங்கிய டயரோடு முனகிக்கொண்டே போனாள்.

திங்கட்கிழமை, புகாரைப் பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டர் சின்னானை இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத் தகவல் வந்தது. ஏன் செய்தாய் என்று அவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை வாசல் கூட்டாமல் குப்பையாகக் கிடந்தது. விளக்குமாறு மூலையில் சாய்ந்திருந்தது. பொற்கொடி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, பாலுசாமி முன் டயரை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாருங்க, கல்லாட்டம் இருக்குது. ஆளைத் தொரத்துனதும் எல்லாஞ் சரியாப் போச்சுங்களா?"

தொல்லை விட்டது என்று அவளும் சந்தோஷமாகத்தான் மிதித்தாள்.

குடியிருப்புக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் மணலும் கூழாங்கல்லும்தான். ஐந்து வாரமாக முக்கி முனகிக்கொண்டாவது தாண்டிய இடம். இன்றைக்கு இறக்கத்தில் முன் சக்கரம் ஒரு கல்லில் பட்டுத் துள்ளியது. இன்னொரு கல்லில் வழுக்கியது. பிரேக்கைப் பிடித்ததுதான் தெரியும். பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி மணலில் கிடந்தாள். முழங்காலில் ரத்தம். இந்த லட்சணத்தில் தடம் போட்டு வைத்திருக்கிறார்களே என்று வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

அக்கரையிலிருந்து மாரியாத்தாள் ஓடிவந்தாள். புதன்கிழமைகளில் தாய்மார்களைக் கூட்டி உட்கார வைத்துவிட்டு, பெட்டியைச் சுமக்கப் பள்ளத்துக்கே வந்து நிற்கிறவள். யார் வீட்டுப் பெண் என்று பொற்கொடி கேட்டதில்லை. மாரியாத்தாளின் இடுப்பில் மூன்று வயது மகள். அவளுக்கு ஒரு கால் சூம்பியிருக்கும்.

குழந்தையை மணலில் இறக்கிவிட்டு, பொற்கொடியைத் தூக்கி உட்கார வைத்தாள். முந்தானையால் ரத்தத்தைத் துடைத்தாள்.

"முன்ன இருந்த நர்ஸம்மாவும் இதே எடத்துலதானுங்க உழுந்து காலை ஒடிச்சுப்போட்டாங்க. அப்பறம் ரண்டு வருசம் ஆருமே வரலீங்க. வந்திருந்தா இந்தப் புள்ளைக்கும் அந்தச் சொட்டு மருந்து..."

முடிக்காமல் எழுந்துபோய்ச் சைக்கிளை நிமிர்த்தினாள். முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தவள், குழப்பத்தோடு திரும்பினாள்.

"டயரு கல்லாட்டம் இருக்குதுங்களே நர்ஸம்மா. காத்தைக் கொறைச்சு உட்டாத்தான் பள்ளத்துல வழுக்காதுன்னு, புதங்கெழமையானா எங்கூட்டுக்காரரு விடியறதுக்குள்ள கெளம்பிப்போடுவாருங்க. இன்னிக்கும் உங்க வாசல் கூட்டப் போனாருங்களே, ஏனுங்க, அவரு அங்க வேலைக்கு வரலீங்களா?"