நான்காவது நேர்காணல்

"நீங்களே சொல்லுங்கோ. பெத்தாத்தானே அந்த வேதனை தெரியும்?" என்று கேட்டார் குழுத் தலைவர் ஸ்ரீரங்கன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆண்கள். இந்தப் பக்கம் டாக்டர் தேவானை, நாற்பத்தைந்து வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள். பல்கலைக்கழகத்தில் பதினோரு வருஷமாக, பேராசிரியருக்கு ஒரு படி கீழே, ரீடர். பேராசிரியர் பதவிக்கு இது நான்காவது நேர்காணல்.

மனித இனப்பெருக்கம் அவள் துறை. குழந்தையில்லாத தம்பதிகளுக்கு மருந்து மட்டும் போதாது, மனநலம் பார்ப்பவர், சமூகவியல் படித்தவர், சத்துணவு தெரிந்தவர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து அவர்கள் நல்வாழ்வைப் பார்க்க வேண்டும் என்று தரமணியில் ஒரு மையம் கேட்டிருந்தாள். பேராசிரியர் ஆனால்தான் மையம்.

எண்பது பக்கத் திட்டம். ஐவரில் ஒருவரும் முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. முந்திரி பிஸ்கட் தட்டு மட்டும் காலியாகியிருந்தது.

"இது சயின்ஸா, இல்ல ஆறுதல் சொல்ற வேலையா?" என்று வலப்பக்கத்துக்காரர் கேட்டுவிட்டு, தலைவர் சிரிக்கிறாரா என்று பார்த்தார். சிரித்தார். உடனே மற்றவர்களும் சிரித்தார்கள். அவரவர் துறைக்கு வேலி போட்டு, அதற்குள்ளேயே மேய்ந்து, பென்ஷன் வாங்கப் போகிற கூட்டம்.

ஸ்ரீரங்கன் மயிலாப்பூர்க்காரர், ஓய்வுபெற்ற துணைவேந்தர். இந்த மாதிரிக் குழுக்களில் உட்காருவதே இப்போது அவருக்கு உத்தியோகம்.

"தப்பா எடுத்துக்காதீங்கோ. எங்காத்துல பிள்ளை ஒருத்தன் இருக்கான். இந்த வருஷம் ஐ.ஐ.டி. என்ட்ரன்ஸ் எழுதறான். கணக்குல அப்படியே என்னை உரிச்சு வெச்சிருக்கான். அந்தச் சந்தோஷம் உங்களுக்கு எப்படிப் புரியும்?"

நான்கு தலைகள் ஆடின. தேவானைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடுத்த தடவை பார்க்கலாம்" என்று அவர் ஃபைலை மூடினார்.

அவள் எழுந்தாள். கதவுவரை போய், திரும்பிக் கைகூப்பினாள்.

"வர்றேன், அய்யாதுரை சார்."

வலப்பக்கத்துக்காரர் களுக்கென்று சிரித்தார். "சார் பேர் ஸ்ரீரங்கன், மேடம்."

"மன்னிக்கணும். வயசாயிடுச்சு."

ஸ்ரீரங்கன் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், எழுபத்தேழில், தியாகராய நகரில் ஒரு மாடிக் கிளினிக்குக்கு அவர் மூன்று முறை வந்தது அய்யாதுரை என்ற பெயரில். அங்கே சொந்தப் பெயரில் வருகிற ஆண்பிள்ளை அபூர்வம். செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை வாங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஒரு விந்தணுகூட இல்லை என்று மூன்று முறையும் எழுதியவள் தேவானை. முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே அந்த லேபில் வேலை பார்த்தாள். மூன்றாவது முறை அவர் அவள் எதிரிலேயே அழுதார்; அந்த முகம் அவளுக்கு மறக்கவில்லை. பிறகு அந்தக் கிளினிக் டாக்டர், பெயர் தெரியாத ஒரு மருத்துவ மாணவனின் விந்தைக் கொண்டு அவர் மனைவிக்குச் சிகிச்சை செய்தார்.

பிள்ளை அவருடையதுதான். வளர்த்தவர் அவர், அதில் தேவானைக்கு மறுப்பே இல்லை. பெற்றால்தான் தெரியும் என்று இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லட்டும். அவருக்கு அந்த வாய் வந்திருக்கக் கூடாது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பெயர்கள். ஒன்றைக்கூட அவள் வெளியே விட்டதில்லை. இன்றைக்குச் சொன்னதும் பொய்ப் பெயர்தான். இருந்தாலும் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மனசுக்குக் குளிர்ச்சியாகவும் இருந்தது.

"கொஞ்சம் உட்காருங்கோம்மா" என்றார் ஸ்ரீரங்கன். குரல் இறங்கிவிட்டது. "உங்க திட்டத்தைப் பத்தி இன்னும் ரெண்டு வார்த்தை பேசலாம்."

மூடிய ஃபைலை அவரே திறந்து, இரண்டாம் பக்கத்தைப் புரட்டினார். மற்ற நால்வரும் அவசர அவசரமாகத் தங்கள் பிரதிகளைத் தேடினார்கள். இப்போது போய் உட்கார்ந்தால் அந்தப் பெயருக்கு விலையாகப் பதவியும் வரும், மையமும் வரும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.