டெல்லியில் கூரை உள்ள இடங்கள்

பட்டியலிலிருந்து மிருகக்காட்சி சாலையை அடித்துவிட்டான்.

திறந்தவெளி. புலிக்குப் புகை பழகியிருக்கும். மகளுக்கு வீசிங்.

ரயில் காட்சியகமும் போயிற்று. எஞ்சின்களெல்லாம் வெளியேதான் நிற்கின்றன.

ஆதிரைக்கு அரைப்பரீட்சை லீவு டிசம்பரில்தான் வரும். டெல்லியில் குளிரும் புகையும் கூடிக்கொண்டு வருவதும் அப்போதுதான். யாரைப் போய்க் குறை சொல்வது?

பிரிந்த பிறகு மகள் அவனிடம் வருவது இதுதான் முதல் தடவை.

திருநெல்வேலியிலிருந்து அவள் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். பிள்ளைக்கு மூச்சு இழுத்தால் அடுத்த லீவுக்கு அனுப்பமாட்டாள். வளர்மதி சொன்னால் செய்கிறவள்.

ஆகவே எல்லாம் கூரைக்குக் கீழே.

கோளரங்கம். பொம்மைக் காட்சியகம். மால். மெட்ரோவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சும்மா ஒரு பயணம். சினிமா. மறுபடியும் மால்.

தங்குவதற்கு ஹீட்டர் உள்ள ஹோட்டல்.

ஆபீசில் மண்டை காய்ந்து வந்து, ஒரு வாரமாக இதே பிழைப்பு. கண் எரிந்தது. பெற்ற பிள்ளைக்கு ஊர் சுற்றிக் காட்ட இவ்வளவு பாடா? சே, என்ன ஜென்மம் இது.

போன் அடித்தது. ஆதிரைதான். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், பின்னால் அடுப்படிச் சத்தம் கேட்டது.

போகிற இடங்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். நடுநடுவே கொஞ்சம் அளக்கவும் செய்தான். அவள் "ம்" கொட்டினாள். மாலுக்குக்கூட வெறும் "ம்"தான்.

சொல்லி முடித்ததும் கேட்டாள்.

"உங்க வீடு என்னைக்குப்பா?"

அவன் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

வீடாம். கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. வெயில் எட்டிப் பார்க்காது. சுவரில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு பொரிந்து கிடந்தது. அந்த வாடை ஒன்றே போதும், பிள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கொள்ள. ஹோட்டல் பிடித்ததே அதற்காகத்தான். வெட்கமும் ஒரு காரணம். இல்லை என்றால் பொய்.

"இங்க பாக்க ஒண்ணுமில்லட்டி."

"நீங்க அங்கதான இருக்கீங்க?"

அடுப்படிச் சத்தம் நின்றது.

"ஓதம் இருக்கான்னு உங்கப்பாட்ட கேளு."

வளர்மதியின் குரல். பிரிந்த நாளிலிருந்து அவனோடு நேராகப் பேசுவதில்லை. எதுவானாலும் பிள்ளை வழியாகத்தான். அவன் காதில் விழும்படிதான்.

"ஓதம் இருக்காப்பா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் ராத்திரியில் பிள்ளைக்கு இழுத்துவிட்டால்?

"இருக்கு," என்றான். "கட்டில் கெடக்க பக்கம் நெறையவே இருக்கு."



போச்சு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா? ஹோட்டல், மால் என்று கிடைக்க இருந்ததும் இனி கிடைக்காது. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணச் சொல்லுவாள். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்கவும் மனம் வரவில்லை.

"ஒரு நாளைக்கு மட்டும்னு சொல்லு," என்றாள் வளர்மதி. பிறகு, சற்று மெதுவாக, "கட்டில செவத்தவிட்டுத் தள்ளிப் போடச் சொல்லு."

"அப்பா, அம்மா என்ன சொல்லுதான்னா…"

ஆதிரை சொல்லி முடிப்பதற்குள் அவன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கட்டிலை இழுக்கத் தொடங்கியிருந்தான்.