வெறும் வயிற்றில் ஒரு டம்ளர்

"டாக்டர்னு ஒருத்தன் எதுக்குய்யா? உங்க அடுப்பங்கரையில இஞ்சி இல்லியா, எலுமிச்சங்கா இல்லியா?"

கேட்டுவிட்டு, சாமிதுரையின் வீட்டிலிருந்த ஒரே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார் தேவநாதன். ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று முதல் விருத்தாசலம் ஊரின் உடல்நலம் அவர் பொறுப்பில் இருந்தது. யார் ஒப்படைத்தது என்று யாருக்கும் தெரியாது. 'காசில்லா ஆரோக்கியம்' என்று தெருத்தெருவாகக் கூட்டம் போட்டார். இஞ்சியையும் எலுமிச்சையையும் ராத்திரியே பிழிந்து ஊறவைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். வேப்பங்குச்சி. கேழ்வரகுக் கூழ். பொழுது சாய்ந்ததும் தூக்கம்.

"எல்லாரும் பொழுதோட தூங்கிட்டா சூளைக்கு யாருங்க நெருப்பு போடுறது? நீங்க வரீங்களா?" என்று சாமிதுரை ஒருமுறை கேட்டிருந்தான். பீங்கான் பட்டறையில் பாண்டங்களைப் பூச்சுக் குழம்பில் முக்கியெடுப்பவன் அவன். அவன் முக்கினால்தான் பளபளப்பு வரும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள். முதலில் நம்பியது அவன்தான்.

இப்போது கிண்டல் பேச அவனுக்குத் தெம்பில்லை. பாயில் மகள் அம்சவல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"தெனம் குடுத்துக்கிட்டுதாங்க இருக்கேன். வெளுத்துக்கிட்டே போறா. எது குடுத்தாலும் வாந்தி. படுத்தா எழுந்திரிக்க மாட்டேங்குறா," என்றாள் மனைவி ஆராயி.

"எதுல ஊற வைக்கிற? மண் சட்டியிலதானே?"

"மண் சட்டியா?" சாமிதுரைக்கு உயிர் வந்தது. "பீங்கான் ஊருல இருந்துக்கிட்டா? இதப் பாருங்க ஐயா." மாடத்திலிருந்து ஜாடியை எடுத்து நீட்டினான். "என் கையால முக்குனது. மொகம் பாத்து பொட்டு வெச்சுக்கலாம்." மார்பைத் தட்டிக்கொண்டான்.

தேவநாதன் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டார். "பேஷ்!"

பிறகு குனிந்து சிறுமியின் உதட்டை விலக்கினார். பல் ஈறு ஓரமாக நீலக்கோடு ஓடியது.

"நாவப்பழம் தின்னியா பாப்பா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தின்னிருக்கா. அதான் வயித்து வலி. அளவ ரெட்டிப்பாக்கு. மத்தியானமும் ஒரு டம்ளர் குடு."

அவர் போனதும் பக்கத்து வீட்டுப் பூவாயி எட்டிப் பார்த்தாள். "எங்க வூட்டுப் பசங்களும் அதே தண்ணியத்தான் குடிக்குதுங்க, அந்தப் பழைய மண் சட்டியில. ஆடு கணக்கா துள்ளுதுங்க. ஏன்டி, ஒம் பொண்ணு முழுங்குறாளா, கொல்லையில போயி துப்பிட்டு வராளா?"

அந்தச் சொல் ஆராயிக்குள் முள்ளாகத் தைத்தது. மறுநாளிலிருந்து மகளை மடியில் கிடத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றினாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் விட்டாள். "வேணாம்மா" என்று பிள்ளை அழுதபோது தானும் அழுதுகொண்டே ஊற்றினாள். வலி அதிகமான அன்று இன்னும் ஒரு டம்ளர்.

ஒரு காலை அம்சவல்லிக்குக் கண் செருகிக் கைகால் வெட்டி இழுத்தது.

கடலூர் பஸ்ஸில் சாமிதுரை வழி முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "காசில்லா ஆரோக்கியமாம்! எம் பொண்ணுக்கு மட்டும் ஏதாவது ஆவட்டும், அந்த ஆள அந்த நாக்காலியோட தூக்கிச் சூளையில வெக்கிறேன்."

ஆராயி, மத்தியான வேளை தவறிவிடக் கூடாது என்று, ஜாடியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறுமியின் உதட்டை விலக்கிப் பார்த்தார். ஈறு ஓரத்து நீலக்கோட்டை விரலால் தேய்த்தார்; அது அழியவில்லை.

"என்ன குடுத்தீங்க?"

"கைவைத்தியம்னு சொல்லி ஒரு ஆளு கெடுத்துட்டான் சார்!" சாமிதுரை வெடித்தான். "ஒடம்பு தேறும்னு சொல்லி என்னத்தையோ குடிக்க வெச்சு..."

ஆராயி துணியை அவிழ்த்து ஜாடியை மேஜைமேல் வைத்தாள். டாக்டர் முகர்ந்தார்.

"இஞ்சி, எலுமிச்சை. இதுல தப்பே இல்லியே. எங்க வீட்டுலயும் குடிக்கிறதுதான். அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

டாக்டர் சாற்றைத் தொட்டியில் கொட்டிவிட்டு ஜாடிக்குள் விரலை விட்டுத் தடவினார். வெளிப்பக்கம் கண்ணாடியாக மின்னிய ஜாடி, உள்ளே சொரசொரப்பாக, பளபளப்பே இல்லாமல் இருந்தது.

"இந்தப் பூச்சுல காரீயம் கலப்பாங்க, அது வெஷம். நல்லா வெந்துட்டா பயமில்ல. வேகாததுல புளிப்ப ஊத்தி வெச்சா, ஈயம் அப்படியே சாறுல எறங்கிடும். அத்தனையும் கொழந்த மூளைக்கு ஏறியிருக்கு." அவர் குரல் தாழ்ந்தது. "ரொம்ப லேட்டா வந்துட்டீங்கம்மா. வேகாத ஜாடிய உங்களுக்கு யாரு குடுத்தது?"

வழக்கமாக மார்பைத் தட்டும் சாமிதுரையின் கை, இப்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"ஒரு நாள் சூளையில நெருப்பு பாதியிலேயே தணிஞ்சுடுச்சு. அத்தனையும் அரைவேக்காடு, ஒண்ணு விடாம ஒடச்சுப் போடுன்னாரு மொதலாளி," என்றான் சாமிதுரை. "இது ஒண்ணு மட்டும் நல்லா மின்னுச்சு சார்... ஒடைக்க மனசு வராம நான்தான் வூட்டுக்குக் கொண்டாந்தேன்."